அறுபது முட்களும் ஐந்து சொட்டும்

ரோட்டா வைரஸின் மேற்பரப்பில் இருப்பவை இரண்டே புரதங்கள். விபி7 என்பது வழவழப்பான மேலோடு. விபி4 என்பது அந்த ஓட்டின் இடுக்குகளில் வேர்விட்டு வெளியே நீட்டி நிற்கும் முள். குழந்தையின் சிறுகுடல் செல்லுக்குள் வைரஸ் நுழைவதும் நுழைய முடியாமல் மலத்தோடு வெளியேறுவதும் இந்த இரண்டையும் பொறுத்தவை. எந்தக் குழந்தைக்கு நோய் வரும், எந்தத் தடுப்பு மருந்து எந்த ஊரில் எவ்வளவு பலிக்கும் என்ற கேள்விகளுக்கான பதிலிலும் பெரும்பகுதி இவற்றில்தான் அடங்கியிருக்கிறது. அந்தப் பதிலுக்கான தேடலில் வேலூருக்குத் தனி இடம் உண்டு.

இந்தியாவில் தடுப்பு மருந்து பரவுவதற்கு முன், 2011 முதல் 2013 வரையிலான நிலவரத்தைக் கொண்டு செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்று, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்குச் சுமார் 78,000 பேர் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கால் இறந்ததாகவும், 8.7 லட்சம் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதாகவும் கூறுகிறது. பல் முளைக்கும்போது பேதி போகும், மாந்தம் வந்திருக்கிறது என்று வீடுகளில் சொல்லிக் கடத்தப்பட்ட நோய்களில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். ஆஸ்திரேலியாவில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் 1973இல் இந்த வைரஸைக் குழந்தைகளின் குடல் திசுவில் மின்னணு நுண்ணோக்கி வழியாகக் கண்டறியும் வரை, வயிற்றுப்போக்குக்குப் பாதிக்கு மேல் காரணமே சொல்ல முடியாத நிலைதான் இருந்தது.

துகளின் அமைப்பு மூன்று அடுக்குகளைக் கொண்டது. உட்கூட்டில் விபி2, நடு அடுக்கில் விபி6, வெளியே விபி7. நடுவே பதினொரு துண்டுகளாக இரட்டை இழை ஆர்.என்.ஏ. விபி7 மும்மூன்றாகச் சேர்ந்து 260 கூட்டங்களாக மேலோட்டை அமைக்கிறது. அந்த ஓட்டில் 60 இடங்களில் விபி4 முட்கள் நிற்கின்றன. முட்களை விட்டுவிட்டால் துகளின் குறுக்களவு 75 நானோமீட்டர், முட்களோடு சேர்த்து 100. இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. இன்ஃபுளுவென்சா, கொரோனா போன்றவை தங்கள் உறையைச் செல்லின் சவ்வோடு இணைத்துக்கொண்டே உள்ளே போய்விடும். ரோட்டாவுக்கு அந்த வழி இல்லை. சவ்வைக் கிழித்தாக வேண்டும். கிழிக்கும் வேலை முழுவதும் புரதத்தின் வடிவ மாற்றத்தால் மட்டுமே நடக்க வேண்டும் என்பதால்தான் கட்டமைப்பு உயிரியலாளர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக இதன்மீது இத்தனை கவனம் செலுத்தி வந்திருக்கிறார்கள். உறை இல்லாததற்கு இன்னொரு விளைவும் உண்டு. கொழுப்பு உறையைக் கரைத்து வைரஸைச் சாகடிக்கும் சோப்பு, இந்த ஓட்டை அவ்வளவாக அசைப்பதில்லை. கை கழுவுவதன் பயன், வைரஸைக் கையிலிருந்து உரசி அகற்றுவதில்தான் இருக்கிறது.

முள் புதிதாக உருவாகும்போது முழுமையான ஆயுதம் அல்ல. 776 அமினோ அமிலங்கள் கொண்ட ஒற்றைச் சங்கிலியாக இருக்கும் விபி4, அந்த நிலையில் செல்லைத் தொற்றும் திறன் மிகக் குறைந்தது. அதை வெட்டிக் கூராக்குவது குழந்தையின் கணையம் சுரக்கும் டிரிப்சின் என்ற செரிமான நொதிதான். நாம் சாப்பிட்ட பருப்பையும் பாலையும் செரிக்க உடல் அனுப்பும் நொதியை, வைரஸ் தன் பிழைப்புக்கு எடுத்துக்கொள்கிறது. டிரிப்சின் வெட்டியபின் விபி4 இரண்டு துண்டாகிறது: முள்ளின் தலையாக விபி8, உடலும் அடியுமாக விபி5. வெட்டப்பட்டாலும் இரண்டும் பிரிந்து போகாமல் ஒட்டியே நிற்கின்றன. ஆய்வகத்தில் ரோட்டா வைரஸை வளர்க்க முடியாமல் ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தவித்ததற்கும், வளர்ப்பு ஊடகத்தில் சிறிது டிரிப்சின் சேர்த்ததும் வளரத் தொடங்கியதற்கும் காரணம் இதுவே. குடலைத் தவிர வேறு உறுப்புகளை இது பெரிதாகத் தாக்காததற்கும் இது ஒரு காரணம்.

விபி8 செய்யும் முதல் வேலை பற்றிக்கொள்வது. குடல் செல்லின் மேற்பரப்பில் புரதங்களிலும் கொழுப்புகளிலும் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைத்து நிற்கின்றன. விபி8இன் முகப்பில் உள்ள ஒரு பள்ளம் அவற்றில் குறிப்பிட்ட வகையைத் தேடிப் பிடிக்கிறது. குரங்கின் ரோட்டா வைரஸ் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடிப்பது முதலில் தெரியவந்தது. செல்களின் மேலிருந்து அந்த அமிலத்தை நொதியால் நீக்கிவிட்டால் தொற்று நின்றுவிடும். மனித வைரஸ்கள் பலவற்றில் இந்தச் சோதனை தோற்றது. எனவே அவற்றுக்குச் சர்க்கரையே தேவையில்லை என்று கொஞ்ச காலம் பாடப்புத்தகங்கள் எழுதின. அவசரப்பட்ட முடிவு. 2012இல் அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பி.வி.வெங்கடராம பிரசாத், மேரி எஸ்டஸ் ஆகியோரின் குழு, மனிதர்களிடம் அரிதாகக் காணப்படும் பி14 வகை ரோட்டாவின் விபி8, ஏ ரத்த வகையைக் குறிக்கும் சர்க்கரையைப் பிடித்திருப்பதை அணு அளவில் காட்டியது. ரத்த வகைச் சர்க்கரைகள் ரத்தத்தில் மட்டுமல்ல, குடலின் உட்சுவரிலும் எச்சிலிலும் தாய்ப்பாலிலும் உண்டு. அன்று முதல், யாருடைய குடலில் எந்தச் சர்க்கரை என்ற கேள்வி ரோட்டா ஆய்வின் நடுவே வந்து அமர்ந்தது.

பற்றிக்கொண்டபின் நடப்பதுதான் இந்தக் கதையின் சிக்கலான பகுதி. விபி8இன் அடியில், விபி5இன் நுனியில், நீரை வெறுத்துக் கொழுப்பை நாடும் சில வளையங்கள் மறைந்திருக்கின்றன. தலை விலகியதும் அவை செல்லின் சவ்வில் போய் ஒட்டுகின்றன. இன்டெக்ரின் என்ற மேற்பரப்புப் புரதங்களும் இந்தக் கட்டத்தில் சில வகை வைரஸ்களுக்குப் பிடிமானம் தருகின்றன. சவ்வு வைரஸை நெருக்கமாகச் சுற்றி வளைத்து உள்வாங்குகிறது. பிறகு விபி5 தலைகீழாகத் திரும்புகிறது: காற்றில் மடங்கித் திரும்பிய குடையைப் போல. ஹார்வர்டில் ஸ்டீபன் ஹாரிசனின் குழு 2004இல் இந்த மடிந்த வடிவத்தைப் படிகத்தில் கண்டது. 2021இல் அதே குழு, செல்லுக்குள் நுழைந்துகொண்டிருக்கும் துகள்களையே உறைநிலை மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்து, அதுவரை விபி7 ஓட்டுக்கடியில் புதைந்திருந்த முள்ளின் அடிப்பகுதி வெளியே வந்து சவ்வோடு சேர்ந்திருப்பதைக் காட்டியது. நிமிர்ந்த முள்ளுக்கும் திரும்பிய முள்ளுக்கும் இடையே புரதத்தின் ஒரு எழுத்துகூட மாறுவதில்லை; மடிப்பு மட்டும் மாறுகிறது. அதற்கான ஆற்றல் முள் செய்யப்பட்டபோதே அதற்குள் சேமிக்கப்பட்டது.

இதில் விபி7இன் பங்கு கால்சியம் தொடர்பானது. ஒவ்வொரு மும்மைக் கூட்டத்தையும் கால்சியம் அயனிகளே பிணைத்து வைத்திருக்கின்றன. குடலின் உட்குழிவில் கால்சியம் தாராளம், அங்கே ஓடு உறுதியாக நிற்கும். உள்வாங்கப்பட்ட பையின் சவ்வில் விபி5 ஓட்டை போட்டதும் பையிலிருந்த கால்சியம் செல்லின் உட்திரவத்துக்குக் கசிகிறது. உட்திரவத்தில் கால்சியத்தின் செறிவு வெளியில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கால்சியம் போனதும் விபி7 கூட்டங்கள் கழன்று விழுகின்றன. அவை கழன்றதும் முட்களும் பிடிமானம் இழக்கின்றன. எஞ்சிய இரண்டடுக்குத் துகள் சவ்வின் கிழிசல் வழியே செல்லுக்குள் விடப்பட்டு, உடனே தன் ஆர்.என்.ஏ.வின் நகல்களை வெளியே தள்ளத் தொடங்குகிறது. துகள் செல்லைத் தொட்டதிலிருந்து இந்தக் கட்டம் வரை ஆவது சில நிமிடங்கள். மேலோடு கழன்ற துகளை மறுபடி வெளியே எடுத்து இன்னொரு செல்லின்மேல் விட்டால் தொற்றாது. உள்ளே வேலை செய்யும், நுழையத் தெரியாது. செல்லுக்குள் பெருகியபின் புதிய துகள்களுக்கு மீண்டும் ஓடும் முள்ளும் அணிவிக்கப்படும்.

ஆகவே உடலின் எதிரணுக்களுக்குத் தாக்குமிடங்கள் இரண்டு. விபி8ஐப் பிடிக்கும் எதிரணு சர்க்கரையைப் பற்றவிடாமல் தடுக்கும். விபி7ஐப் பிடிக்கும் எதிரணுக்களில் சில, அடுத்தடுத்த கூட்டங்களைக் கட்டிப்போட்டு, கால்சியம் போனாலும் ஓடு கழலாமல் செய்துவிடும். கழலாத ஓட்டோடு வைரஸ் செல்லுக்குள் நுழைந்தும் பயனில்லாமல் கிடக்கும். வைரஸ்களை வகைப்படுத்துவதும் இந்த இரண்டு புரதங்களை வைத்தே. விபி7இன் வேறுபாடுகள் ஜி வகை, விபி4இன் வேறுபாடுகள் பி வகை. உலகில் ஜி வகைகள் முப்பதுக்கு மேல், பி வகைகள் ஐம்பதுக்கு மேல் கண்டறியப்பட்டுள்ளன. மனிதக் குழந்தைகளைப் பெருமளவில் தாக்குபவை ஜி1பி8, ஜி2பி4, ஜி3பி8 என ஒரு கை விரல்களில் அடங்கும்.

வேலூர் இந்தக் கதைக்குள் வருவது பி11 என்ற முள்ளோடு. மாட்டு வைரஸின் முள் அது. மாட்டு வைரஸும் மனித வைரஸும் ஒரே செல்லில் கலந்து, ஆர்.என்.ஏ. துண்டுகளை மாற்றிக்கொண்டதில் மாட்டு முள்ளோடு கூடிய கலப்பு வைரஸ்கள் தோன்றின. இந்தியாவில் அவை பிறந்த சில நாளே ஆன சிசுக்களிடம் பரவின. டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் 1985-86இல் எம்.கே.பான் குழுவினர் கண்டெடுத்த 116இ என்ற வைரஸ் ஜி9பி11 வகை. பெங்களூரில் கண்டெடுக்கப்பட்ட ஐ321 ஜி10பி11 வகை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சிசுப் பிரிவிலும் ஜி10பி11 நீண்ட காலம் சுற்றிக்கொண்டிருந்தது. சில சிசுக்களுக்கு வயிற்றுப்போக்கு, பலருக்கு எந்த அறிகுறியும் இல்லை. மாட்டு முள் பிஞ்சுக் குடலை மட்டும் ஏன் தேடிப் பிடிக்கிறது?

விடை சர்க்கரையில் இருந்தது. பிறந்த குழந்தையின் குடலில் ரத்த வகைச் சர்க்கரைகள் முழுமையாகக் கிளைத்திருக்காது. கிளைக்காத, முன்னோடி நிலையில் உள்ள நீண்ட சங்கிலிகளே அங்கு மிகுதி. பி11இன் விபி8 அந்தச் சங்கிலியைப் பிடிப்பதை 2013இல் வேலூரில் ககன்தீப் காங்கிடம் பயின்ற சசிரேகா ரமணி உள்ளிட்டோர் காட்டினர். 2015இல் பிரசாத்தின் குழு பள்ளத்தின் வடிவத்தையும் வரைந்தது. அதே சங்கிலி பசுவின் பாலிலும் மனிதத் தாய்ப்பாலிலும் உண்டு. மாட்டிலிருந்து மனிதனுக்குத் தாவ இந்த முள்ளுக்கு ஏன் தடையில்லை என்பது அதில் விளங்கிவிட்டது. தாய்ப்பாலில் மிதக்கும் சர்க்கரைகள் வைரஸின் முள்ளை ஏமாற்றித் தங்களோடு ஒட்டவைத்துக் காக்கும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. வேலூர் தாய்மார்களின் பாலை வைத்து 2018இல் வெளியான ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: சில பால் சர்க்கரைகளின் அளவு கூடியிருந்த இடத்தில் அறிகுறியோடு கூடிய தொற்றும் கூடியிருந்தது, ஆய்வகச் செல்களிலும் அவை ஜி10பி11ஐத் தடுக்காமல் அதன் தொற்றும் திறனைக் கூட்டின. இதை வைத்துத் தாய்ப்பாலைக் குறை சொன்னால் அது ஆய்வைத் தவறாகப் படிப்பதாகும். ஒரு முள், ஒரு வயது, ஒரு சூழல் ஆகியவற்றில் கண்ட உண்மை அது. மற்ற வகைகளுக்குப் பொருந்தாது. தடுப்பு மருந்து தரும் நேரத்தில் தாய்ப்பாலைச் சிறிது தள்ளிவைத்தால் மருந்து நன்றாகப் பலிக்குமா என்று டெல்லியில் தனியாகச் சோதித்தார்கள். பலன் ஒன்றுமில்லை.

ஒரே பி11 முள்ளைத் தாங்கிய இரண்டு வைரஸ்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டதுதான் இதில் மிகவும் யோசிக்க வைப்பது. டெல்லியில் பிறந்த உடனே 116இ தொற்றிய குழந்தைகளுக்குப் பின்னாளில் ரோட்டா வயிற்றுப்போக்கு குறைவாக வந்தது. வேலூரில் பிறந்த உடனே ஜி10பி11 தொற்றிய குழந்தைகளுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை என்று 2007இல் ஆய்வு தெரிவித்தது. தடுப்பு மருந்தாக்கும் முயற்சியில் இரண்டையும் டெல்லிக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, 116இ பெற்றவர்களில் 73 சதவீதம் பேரிடமும் ஐ321 பெற்றவர்களில் 39 சதவீதம் பேரிடமும் எதிரணு உயர்ந்தது. முள் ஒன்று, ஓடு வேறு, உள்ளிருக்கும் மற்ற மரபணுக்களும் வேறு. நுழைவைத் தீர்மானிப்பது முள் என்றாலும், நுழைந்தபின் எவ்வளவு பெருகும், உடல் அதை எவ்வளவு நினைவில் வைக்கும் என்பவற்றை முள்ளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 116இ தேர்ந்தது; ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் அதை ரோட்டாவாக் என்ற பெயரில் மருந்தாக்கியது. டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2014இல் வெளியானது: கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை முதலாண்டில் ஏறக்குறைய 54 முதல் 56 சதவீதம் தடுத்தது.

பாதிதானா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 85 சதவீதத்துக்கு மேல் காக்கும் வெளிநாட்டு மருந்துகளும் ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஐம்பதை ஒட்டியே நின்றுவிடுகின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. வேலூரின் குடிசைப் பகுதிகளில் 2002 முதல் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை தொடர்ந்து கவனிக்கப்பட்ட 373 குழந்தைகளின் கணக்கு இதற்கு விளக்கம் தருகிறது. அவர்களிடம் மொத்தம் 1,103 ரோட்டா தொற்றுகள் பதிவாயின. 56 சதவீதக் குழந்தைகள் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது தொற்றுக்கு ஆளாகியிருந்தார்கள். இயற்கையாக மூன்று முறை தொற்றியபின்னும் மிதமான, கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம் மட்டுமே. மெக்சிகோவில் முன்பு நடந்த இதேபோன்ற ஆய்வில் இரண்டாம் தொற்றுக்குப் பிறகே அத்தகைய நோயிலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. இயற்கைத் தொற்றே மூன்று முறை முயன்று எட்டாத இடத்தை ஒரு மருந்து எட்ட வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல.

மனிதரின் சர்க்கரை வேறுபாடும் இந்தக் கணக்கில் சேரும். குடலில் ரத்த வகைச் சர்க்கரையை வெளிப்படுத்தும் மரபணு சிலருக்கு வேலை செய்வதில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளிடம் பி8 முள் பெரும்பாலும் பற்றுவதில்லை என்பதை 2014இல் பிரான்சில் நடந்த ஆய்வு காட்டியது. வைரஸ் பற்றாத குடலில் பி8 முள்ளோடு செய்யப்பட்ட உயிருள்ள தடுப்பு மருந்தும் சரியாகப் பற்றாது. பாகிஸ்தானில் இதற்கான அறிகுறிகள் தெரிந்தன. பி11 முள் முன்னோடிச் சங்கிலியையே பிடிப்பதால் இந்தத் தடையைச் சாராது என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது. டெல்லி சிசுப் பிரிவில் தற்செயலாகக் கிடைத்த வைரஸ், இந்த வகையிலும் இந்தியாவுக்கு வாய்ப்பான தேர்வு.

முள்ளின் தலையை மட்டும் தனியாகச் செய்து ஊசியாகப் போடும் முயற்சியும் நடந்தது. பி4, பி6, பி8 ஆகிய மூன்று வகை விபி8களைக் கொண்டு பாத் என்ற அமைப்பு உருவாக்கிய அந்த மருந்து, கானா, மலாவி, ஜாம்பியா நாடுகளில் வாய்வழி மருந்தைவிடச் சிறந்தது என நிரூபிக்க முடியாமல் 2022இல் கைவிடப்பட்டது. தலையைக் கைப்பற்றினால் போதும் என்ற கணிப்பு சறுக்கியது. மனிதக் குடலிலிருந்து எடுக்கப்பட்ட எதிரணு செல்களை ஆராய்ந்தவர்கள், பல வகை வைரஸ்களையும் ஒருசேரத் தடுக்கும் எதிரணுக்களில் முக்கியமானவை விபி5ஐப் பிடிப்பதை 2017இலேயே கண்டிருந்தார்கள். கிழிக்கும் பகுதி வகைக்கு வகை அதிகம் மாறுவதில்லை, மாறினால் கிழிக்க முடியாது. அடுத்த தலைமுறை மருந்துகள் விபி5ஐ விட்டுவிட்டுத் தலையை மட்டும் நம்பினால் அதே சறுக்கல் திரும்ப நேரும்.

இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா மருந்து 2016 மார்ச்சில் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்து, 2019இல் நாடு முழுவதையும் எட்டியது. திட்டம் பரவியபின் பல மாநில மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட கணக்கில், வயிற்றுப்போக்கோடு சேர்க்கப்படும் குழந்தைகளில் ரோட்டாவின் பங்கு ஏறக்குறைய 40 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. இதனிடையே ஜி1பி8 பின்வாங்கி ஜி3பி8 முன்னுக்கு வந்திருக்கிறது. அது மருந்தின் அழுத்தத்தாலா, இயல்பான சுழற்சியாலா என்பதைத் தொடர் கண்காணிப்புதான் சொல்லும். மருந்து வந்துவிட்டது என்பதற்காகக் கண்காணிப்பு ஆய்வகங்களுக்கான நிதியைக் குறைப்பது, ஓடும் முள்ளும் மாறிக்கொண்டே இருக்கும் வைரஸ் விஷயத்தில் விவேகமான சிக்கனம் ஆகாது.

காவிரி, கொள்ளிடத்திலிருந்து குளோரின் கலந்த நீர் குழாயில் வரும் திருச்சி போன்ற மாநகரிலும் இந்த வைரஸுக்குத் தடை இல்லை. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் நூறு கோடிக்கும் மேற்பட்ட துகள்கள் இருக்கும். தொற்றுவதற்கு நூறுக்கும் குறைவானவை போதும். கை, பொம்மை, தரை, பால் புட்டி எல்லாமே வழிதான். எடமலைப்பட்டி புதூரிலோ ஸ்ரீரங்கத்திலோ புதன்கிழமைத் தடுப்பூசிக்குத் தூக்கி வரப்படும் ஆறு வாரக் குழந்தைக்கு வாயில் விடப்படும் ஐந்து சொட்டு, உயிரோடு இருக்கும் ஒரு வைரஸ். அது பிஞ்சுக் குடலில் ஒட்டி, கிழித்து, நுழைந்தால்தான் உடல் அதைக் கற்றுக்கொள்ளும். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் மூன்று முறை கொடுப்பது அதனால்தான். முதல் தவணை தவறிய குழந்தைக்கு ஒரு வயது முடிவதற்குள் தொடங்கலாம். மருந்து கொடுத்தவுடன் தாய்ப்பால் தரத் தடையில்லை. சொட்டு வாங்கிய குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு வரலாம்; வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் பதினான்கு நாள் துத்தநாகமும் கொடுத்து, கண் குழிந்தாலோ சிறுநீர் நின்றாலோ மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். மூன்று தவணையும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம்.